கொடுத்த நிலம் எங்கே போயிற்று?

(குமணன்சாவடியில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட வகுப்பில் ஆற்றிய உரையின் வாசகம்)



இன்றைய வகுப்புக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, "பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கா மேற்கே பரவிய சரித்திரம்" என்பது. வாசலில் தட்டியை வைத்தவுடனேயே ஒரு பாட்டியம்மாள் நம்மைக் கூப்பிட்டார். "ஏம்பா தோழரே, அமெரிக்காக்காரன் மேற்கே போனா என்ன, கெழக்கே போனா என்ன? எங்க மாமனாருக்கு கெவுர்மெண்டு குடுத்த நெலம் ஏரிக்கு மேற்கே இருந்துச்சு. அது எங்கே போச்சுன்னு மொதல்ல சொல்லு. அப்புறம் அமெரிக்காவுக்குப் போகலாம்" என்றார்.

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. நாம் பேச வந்த விஷயமும் பாட்டியம்மாள் கேட்ட கேள்வியும் ஒன்றேதான். அதை இந்த ஒரு மணி நேரத்தில் எடுத்துக் காட்ட முயல்கிறோம்.

நாம் கூடியிருக்கும் ஊர் குமணன் என்ற வள்ளலின் பெயரைச் சொல்லும் ஊர். தன் தலைக்கு விலை வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தும், வறுமையோடு வந்த புலவரிடம் வாளைக் கொடுத்து, "என் தலையை வெட்டிக் கொண்டுபோய்ப் பிழைத்துக்கொள்" என்றான் குமணன் என்று படித்திருக்கிறோம். பெரிய கதைதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சரித்திரத்தில் தலையைக் கொடுத்த வள்ளல் உண்டு. உழுகிறவனுக்கு நிலத்தைக் கொடுத்து, அது அவன் கையிலேயே தங்கும்படி காவலும் இருந்த வள்ளலைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஓர் அச்சுத் தொழிலாளியின் கோஷம்

அமெரிக்காவிலிருந்து ஆரம்பிப்போம்.

நியூயார்க் நகரத்தில் ஜார்ஜ் ஹென்றி ஈவான்ஸ் என்று ஓர் அச்சுத் தொழிலாளி இருந்தார். இங்கிலாந்தில் 1805-ல் பிறந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர். தொழிலாளர்களுக்காகப் பத்திரிகை நடத்தியவர். 1844-ல் அவரும் அவருடைய நண்பர்களும் தேசியச் சீர்திருத்தச் சங்கம் என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். அவர்கள் சொன்ன வாதம் மிக எளிமையானது. நகரத்தில் ஒரு வேலைக்குப் பத்துப் பேர் போட்டி போடுகிறார்கள், அதனால் கூலி குறைகிறது. மேற்கே சர்க்காரிடம் கோடிக்கணக்கான ஏக்கர் இருக்கிறது. அதை வியாபாரிகளுக்கு விற்காமல், உழத் தயாராக இருக்கும் ஏழைக்குச் சும்மா கொடுத்தால், அவன் அங்கே போவான். மிச்சம் இருப்பவனுக்குக் கூலி உயரும். ஆகவே, தொழிலாளியே, உன் ஓட்டைப் போட்டு உனக்கு ஒரு பண்ணையைச் சம்பாதித்துக்கொள்! இதுதான் அவர்கள் துண்டுப் பிரசுரங்களின் கோஷம்.

இது சின்ன இயக்கமென்று நினைக்காதீர்கள். 1848-ல் வெளியான கம்யூனிஸ்ட் அறிக்கையிலேயே மார்க்ஸும் எங்கெல்ஸும் அமெரிக்க நிலச் சீர்திருத்தக்காரர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

இந்தக் கோரிக்கையை எதிர்த்தது யார்? முதலாவதாக, தெற்கே அடிமைகளை வைத்துப் பருத்தி விளைவித்த பண்ணை முதலாளிகள். சுதந்திரமான சிறு விவசாயிகள் மேற்கே நிறைந்துவிட்டால் அடிமை முறை அங்கே பரவ முடியாதே என்பது அவர்கள் பயம். 1860-ல் காங்கிரஸ் நிறைவேற்றிய இலவச நில மசோதாவை ஜனாதிபதி புக்கனன் ரத்து அதிகாரத்தால் தள்ளிவிட்டார். பிறகு உள்நாட்டு யுத்தம் வந்தது. தெற்கு மாகாணங்களின் பிரதிநிதிகள் சபையை விட்டு வெளியேறினார்கள். 1862 மே 20-ல் ஜனாதிபதி லிங்கன் கையெழுத்திட்டு ஹோம்ஸ்டெட் சட்டம் வந்தது. ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர். ஐந்து வருஷம் அங்கே குடியிருந்து உழுதால், சிறு கட்டணத்தோடு நிலம் சொந்தம்.

நூற்றி அறுபது ஏக்கர்! இங்கே பத்து சென்ட் மனைக்கு மனுப் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கும் தோழர்களுக்கு இது சொர்க்கமாகத் தெரியும். உண்மையிலேயே பலர் பலனடைந்தார்கள் என்பதை நாம் மறைக்கக் கூடாது. அந்தச் சட்டத்தின்கீழ் மொத்தம் சுமார் 16 லட்சம் பேருக்கு, ஏறத்தாழ 27 கோடி ஏக்கர் பட்டாவாயிற்று. ஐரோப்பாவில் குத்தகைக்கு உழுது பட்டினி கிடந்தவர்கள் சொந்த நிலத்தில் கோதுமை அறுத்தார்கள். இது ஒரு பக்கம்.

யாருடைய நிலம்?

இப்போது மறுபக்கத்தைப் பார்ப்போம். அந்த நிலம் யாருடையது? "காலி நிலம்" என்றார்கள். காலியாக இருக்கவில்லை, தோழர்களே. அங்கே ஆயிரமாயிரம் வருஷங்களாகச் செவ்விந்தியர்கள் என்று வெள்ளையர் பெயர் வைத்த பூர்வகுடி மக்கள் வாழ்ந்தார்கள். 1830-ல் ஜனாதிபதி ஜாக்சன் காலத்தில், அவர்களைக் கிழக்கேயிருந்து அப்புறப்படுத்தச் சட்டம் செய்தார்கள். செரோக்கி மக்கள் விவசாயம் செய்தவர்கள், சொந்த எழுத்தும் பத்திரிகையும் வைத்திருந்தவர்கள். அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1832-ல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பும் சொன்னது. தீர்ப்பு காகிதத்தில் இருந்தது, துப்பாக்கி சிப்பாய் கையில் இருந்தது. 1838-ல் சுமார் 16,000 பேரை வீட்டை விட்டுக் கிளப்பி, பனியிலும் குளிரிலும் மேற்கே நடத்திக்கொண்டு போனார்கள். அவர்களில் ஏறத்தாழ 4,000 பேர் மாண்டார்கள்.

மேற்கே துரத்தியதோடு விட்டார்களா? இல்லை. 1887-ல் "சீர்திருத்தம்" என்ற பெயரில் இன்னொரு சட்டம் செய்தார்கள். குல மக்களின் பொது நிலத்தைத் துண்டு துண்டாக்கித் தனித்தனி ஆளுக்குக் கொடுப்பது, "மிச்சத்தை" வெள்ளையருக்குத் திறந்துவிடுவது. தனிச் சொத்து வந்தால் இவர்கள் நாகரிகம் அடைவார்கள் என்று நல்ல மனதோடு பேசிய பெரிய மனிதர்களும் இதை ஆதரித்தார்கள். பலன் என்ன? 1887-ல் பூர்வகுடி மக்களிடம் சுமார் 13 கோடியே 80 லட்சம் ஏக்கர் இருந்தது. 1934-ல் 4 கோடியே 80 லட்சம் ஏக்கர்தான் மிஞ்சியது. நடுவில், 1890 டிசம்பர் 29-ல், வூண்டட் நீ என்ற இடத்தில் லக்கோட்டா மக்கள்மீது ராணுவம் சுட்டது. பெண்களும் குழந்தைகளுமாக 150 பேருக்கு மேல் செத்தார்கள். அந்த வருஷத்தை மனதில் வையுங்கள். 1890. நாம் திரும்ப அங்கே வருவோம்.

சும்மா கிடைத்த நிலமும் கையில் இல்லாத காசும்

நிலம் சும்மா கிடைக்கும்போது, சிக்காகோ தொழிலாளி ஏன் பத்து மணி, பன்னிரண்டு மணி நேரம் உழைத்தான்? ஏன் எட்டு மணி நேர வேலைக்காக 1886-ல் வேலைநிறுத்தம் செய்தான்? ஏன் 1887 நவம்பரில் பார்சன்ஸும் ஸ்பைஸும் மற்ற இரு தோழர்களும் தூக்குமேடை ஏறினார்கள்? மேற்கே போயிருக்கலாமே?

போக முடியவில்லை. நிலத்துக்குக் காசு இல்லை, சரி. ரயில் கட்டணத்துக்கு? ஏருக்கு? மாட்டுக்கு? கிணற்றுக்கு? முதல் விளைச்சல் வரும்வரை பெண்டு பிள்ளைகள் சாப்பிட? வாரக் கூலி வாங்கி வாரக் கடைசியில் செலவாகிப் போகிறவன் எங்கே போவான்? ஆகவே நல்ல நிலம் பணம் வைத்திருப்பவனிடம் போயிற்று. நில வியாபாரி தன் வேலையாளை விட்டுப் பொய் மனுப் போடச் சொன்னான். நம் ஊர்ப் பாஷையில் சொன்னால் பினாமி. சர்க்காரே ரயில் கம்பெனிகளுக்குச் சுமார் 13 கோடி ஏக்கரைத் தானமாகத் தூக்கிக் கொடுத்தது. ஏழைக்குக் கொடுக்கும்போது ஐந்து வருஷம் உழுது காட்டு என்றது. கம்பெனியைப் பார்த்து அப்படிக் கேட்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். யுத்தத்தின் முடிவில், 1865 ஜனவரி 16-ல், ஜெனரல் ஷெர்மன் ஓர் உத்தரவு போட்டார். கடற்கரை ஓரத்தில் பண்ணை முதலாளிகள் விட்டு ஓடிய நிலத்தை, விடுதலை பெற்ற கறுப்பு மக்களுக்குக் குடும்பத்துக்கு நாற்பது ஏக்கர் வரை பிரித்துக் கொடுப்பது என்று. சுமார் 40,000 பேர் குடியேறி உழுதார்கள். லிங்கன் கொலையுண்டார். அடுத்து வந்த ஜனாதிபதி ஜான்சன், அதே வருஷத்திலேயே நிலத்தைப் பழைய முதலாளிகளுக்குத் திருப்பிக் கொடுக்க உத்தரவிட்டார். அடிமை விலங்கு அறுந்தது. நிலம் இல்லை. பழைய முதலாளியின் வயலிலேயே வாரத்துக்கு உழ வேண்டியதாயிற்று. கடன், வட்டி, மீண்டும் கடன்!

பாட்டியம்மாளே, இந்தக் கதை உங்களுக்குத் தெரிந்த கதைபோல் இருக்கிறதா? இப்போது நம் ஜில்லாவுக்கு வருவோம்.

செங்கற்பட்டு ஜில்லாவில்

பூந்தமல்லி, குமணன்சாவடி, ஆவடி, அம்பத்தூர் ஆகிய இந்த வட்டாரமெல்லாம் அன்றைக்குச் செங்கற்பட்டு ஜில்லா. 1997-ல் பிரித்தபோதுதான் திருவள்ளூர் மாவட்டத்தில் சேர்ந்தது. இந்தச் செங்கற்பட்டு ஜில்லா மிராசு முறைக்குப் பேர்போனது. மிராசுதார் என்றால் ஊர் நிலத்தில் பரம்பரைப் பாத்தியம் கொண்டாடுகிறவர். பயிர் நிலம் மட்டுமல்ல, தரிசிலும் எனக்கே முதல் உரிமை என்பார். வேறொருவன் தரிசைக் கேட்டு சர்க்காருக்குத் தர்காஸ்து போட்டால், மிராசுதார் ஆட்சேபிப்பார். தான் உழுவதும் இல்லை, பிறனை உழவிடுவதும் இல்லை.

ஏன் இந்தப் பிடிவாதம்? பதில் ஒரே வரி: அவனுக்கே நிலம் இருந்தால், நம் வயலுக்கு யார் வருவான்?

இதைத்தான் மார்க்ஸ் 1867-ல் வெளியான "மூலதனம்" நூலின் முதல் பாகத்தில் கடைசி அத்தியாயத்தில் விளக்குகிறார். புது நாடுகளில் நிலம் சுலபமாகக் கிடைத்தால் கூலியாள் தங்கமாட்டான், ஆகவே நிலத்துக்குச் செயற்கையாக விலை வையுங்கள் என்று யோசனை சொன்ன இங்கிலீஷ் பொருளாதாரப் பண்டிதரை அங்கே அவர் தோலுரிக்கிறார். அமெரிக்கப் பருத்திப் பண்ணையாரும், இங்கிலீஷ் பண்டிதரும், செங்கற்பட்டு மிராசுதாரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. மூவரும் ஒரே மாதிரி சிந்தித்தார்கள். நிலம் இல்லாதவனிடமிருந்துதான் மலிவான உழைப்பு கிடைக்கும் என்பது மூவருக்கும் தெரியும்.

1843-ல் கம்பெனி சர்க்கார் ஐந்தாவது சட்டத்தைக் கொண்டுவந்து, அடிமை முறையைக் கோர்ட்டுகள் அங்கீகரிக்கக் கூடாது என்றது. ஆனால் படியாள் படியாளாகவே இருந்தான். கல்யாணத்துக்குச் சில ரூபாய் கடன் வாங்குவான், பத்திரத்தில் கைநாட்டு வைப்பான், ஆயுள் முழுவதும் அந்த வயலில் உழைப்பான். வேறு பண்ணைக்குப் போக வேண்டுமானால் புது எஜமான் பழைய கடனை அடைக்க வேண்டும். அதாவது ஆள் கைமாறுகிறான். குடியிருந்த சேரி மனையும் அவனுக்குச் சொந்தமில்லை. எதிர்த்துப் பேசினால் குடிசையைக் காலி செய் என்பார்கள். 1876 முதல் 1878 வரை பஞ்சம் தாக்கியபோது, முதலில் செத்தவர்கள் இந்த நிலமற்ற மக்கள்தான். பக்கிங்ஹாம் கால்வாயில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியைப் பஞ்ச நிவாரண வேலையில் வெட்டியதும் பட்டினி கிடந்த கைகள்தான்.

இந்த நிலைமையில் குரல்கள் எழுந்தன. இதே செங்கற்பட்டு ஜில்லாவில், கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் மக்களைத் திரட்டினார். 1893-ல் "பறையன்" என்ற பெயரிலேயே பத்திரிகை ஆரம்பித்தார். எந்தப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்தினார்களோ, அதே பெயரைத் தலைப்பில் போட்டு நிமிர்ந்து நின்றார். அயோத்திதாசப் பண்டிதர் 1891-ல் திராவிட மகாஜன சபையை நிறுவினார். திருவள்ளூரில் இருந்த வெஸ்லியன் பாதிரியார் கூடி, செங்கற்பட்டில் இருந்த பாதிரியார் ஆடம் ஆண்ட்ரூ போன்றவர்களும் படியாட்களின் நிலையை எழுதினார்கள்.

அந்தச் சமயத்தில் செங்கற்பட்டுக்குக் கலெக்டராக இருந்தவர் திரெமென்ஹீர் என்ற வெள்ளைக்காரர். 1891-ல் அவர் செங்கற்பட்டுப் பறையர்களைப் பற்றிய ஒரு குறிப்பு எழுதி சர்க்காருக்கு அனுப்பினார். குடியிருக்கும் மனை சொந்தமாக வேண்டும், தரிசு நிலம் கொடுக்க வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும் என்று எழுதினார். அமெரிக்காவில் வூண்டட் நீயில் பூர்வகுடி மக்களைச் சுட்ட மறு வருஷம் இது. ஒரே காலகட்டம். அங்கே நிலத்தில் இருந்தவனை நிலத்திலிருந்து பிடுங்கினார்கள். இங்கே நிலத்தில் உழைத்தவனுக்கு ஒரு துண்டு கொடுக்கலாமா என்று காகிதம் எழுதினார்கள்.

ரெவினியூ போர்டு அவர் யோசனைகளில் பலவற்றை ஏற்கவில்லை. மிராசுதார் மனம் கோணினால் கிஸ்தி வசூல் என்ன ஆவது? ஆனாலும் 1892 செப்டம்பர் 30-ல், 1010-ஆம் நம்பர் ரெவினியூ உத்தரவு பிறந்தது. அதன் வழியாக ஒதுக்கியதைத்தான் மக்கள் பஞ்சமி நிலம் என்கிறார்கள். தாழ்த்தப்பட்ட மக்களைப் பஞ்சமர் என்று சர்க்கார் எழுதிய காலத்துப் பெயர் அது. தமிழ்நாடு முழுவதும் இப்படி ஒதுக்கிய நிலம் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது.

நிபந்தனையைக் காதில் வாங்குங்கள். பத்து வருஷத்துக்கு விற்கவோ, அடகு வைக்கவோ, தானம் செய்யவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவருக்குத்தான் கைமாற்றலாம். மீறினால் சர்க்கார் நிலத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம்.

பூட்டு நல்ல பூட்டு. சாவி யாரிடம்?

எப்படிக் கை நழுவியது?

பாட்டியம்மாளின் மாமனாருக்கு ஏரிக்கு மேற்கே நிலம் கொடுத்தார்கள். ஏர் கொடுத்தார்களா? மாடு? கிணறு வெட்டப் பணம்? நல்ல பாசன நிலம் முன்பே மிராசு கையில். கிடைத்தது பெரும்பாலும் மேட்டு நிலம், தரிசு. மழை பொய்த்த வருஷம் விதை நெல்லுக்கு யாரிடம் போவார்? பழைய எஜமானிடம்தான். கைமாற்றுக் கடன், வெற்றுத் தாளில் கைநாட்டு. கொஞ்ச நாளில் நிலத்தில் உழுவது எஜமானின் ஏர். கணக்குப்பிள்ளை அடங்கலில் யார் பெயர் எழுதுகிறார் என்பது கைநாட்டு வைத்தவருக்கு எப்படித் தெரியும்? சட்டம் விற்கக் கூடாது என்றது. விற்கவே இல்லையே, "அனுபவம்" மாறிவிட்டது! சிக்காகோ தொழிலாளி எந்தக் காரணத்தால் மேற்கே போக முடியவில்லையோ, அதே காரணத்தால் ஏரிக்கு மேற்கே போனவரும் அங்கே தங்க முடியவில்லை. மூலதனம் இல்லாமல், தண்ணீர் இல்லாமல், சங்கம் இல்லாமல் கிடைக்கும் நிலம் கையில் வைத்த பனிக்கட்டி.

பிறகு சென்னை நகரம் மேற்கே பரவியது. ஆம், இங்கேயும் ஒரு "மேற்குப் பரவல்" நடந்தது! ஆவடியில் காங்கிரஸ் மகாசபை 1955-ல் கூடி, சோஷலிஸ பாணி சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. அதே ஆவடியில் டாங்கி தொழிற்சாலை வந்தது, அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்தது. வேலை வந்தது, நல்லதுதான். கூடவே வயல் மனையாயிற்று. ஏக்கர் கணக்கில் பேசிய நிலத்தைச் சதுர அடிக் கணக்கில் பேச ஆரம்பித்தார்கள். ஒரு காலத்தில் எவனும் சீண்டாத மேட்டுத் தரிசுக்குத்தான் இன்றைக்கு விலை அதிகம். வெள்ளம் வந்தாலும் மூழ்காது பாருங்கள்!

மிராசுதார் காலத்தில் "காலி நிலம்" என்றார்கள். மனை வியாபாரியும் "காலி இடம்" என்கிறார். செரோக்கி மக்களின் காட்டையும் "காலி" என்றுதான் சொன்னார்கள். காலி என்ற சொல்லைக் கேட்டால், தோழர்களே, அங்கே யார் இருந்தார்கள் என்று கேட்கப் பழகுங்கள்.

ஆலைத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை

"இது கிராமத்துப் பிரச்னை, எங்களுக்கென்ன" என்று ஆலைத் தோழர்கள் நினைக்கலாம். உங்கள் சரித்திரத்தைத் திரும்பிப் பாருங்கள்.

அமெரிக்காவில் கலிபோர்னியாவிலிருந்து கிழக்கே மலையைக் குடைந்து ரயில் பாதை போட்டவர்கள் பெரும்பாலும் சீனத் தொழிலாளர்கள். 1867 ஜூனில் அவர்கள் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். வெள்ளைத் தொழிலாளிக்குச் சமமான கூலியும் குறைந்த வேலை நேரமும் கேட்டார்கள். கம்பெனி மலைமேல் அவர்களுக்குப் போகும் உணவை நிறுத்தியது. ஒரு வாரத்தில் வேலைநிறுத்தம் முறிந்தது. வெள்ளைத் தொழிலாளர்கள் துணைக்கு வரவில்லை. 1885 செப்டம்பரில் ராக் ஸ்பிரிங்ஸ் நிலக்கரிச் சுரங்கத்தில் என்ன நடந்தது தெரியுமா? வெள்ளைத் தொழிலாளர்களே சீனத் தொழிலாளர்களைத் தாக்கி 28 பேரைக் கொன்றார்கள். கூலியைக் குறைத்தது கம்பெனி, செத்தவன் பக்கத்துச் சுரங்கத்துத் தொழிலாளி.

அது தூர தேசம் என்று சொல்லாதீர்கள். 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது பெரம்பூரில், பி அண்டு சி ஆலைத் தொழிலாளர்களின் பலத்தில். மூன்றே வருஷத்தில், 1921 வேலைநிறுத்தத்தில், சாதி புகுந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் கலவரம், குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. வேலைநிறுத்தம் தோற்றது. அவர்களைக் கருங்காலி என்று ஏசுவது சுலபம். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஊர்த் தெருவிலிருந்து ஆலைக்கு வந்தவர், சேரியிலிருந்து ஆலைக்கு வந்தவரோடு ஒரே பானையில் தண்ணீர் குடித்தாரா? கிராமத்தில் அவர் நிலத்தைப் பிடுங்கியபோது, ஆலையில் ஒரு தீர்மானமாவது போட்டோமா? வேலைநிறுத்தத்துக்கு மட்டும் தோழர் என்று கூப்பிட்டால் எப்படி வருவார்?

ஓர் உதாரணமும் உண்டு. சிக்காகோவில் தூக்கிலிட்ட ஆல்பர்ட் பார்சன்ஸ், சிறு வயதில் அடிமை முறைக்காகப் போரிட்ட தெற்குச் சேனையில் இருந்தவர். பிறகு தம் தவற்றை உணர்ந்து, டெக்சாஸில் கறுப்பு மக்களின் ஓட்டுரிமைக்காகப் பேசினார். சொந்த ஜனங்களே பகைவரானார்கள். அங்கிருந்து சிக்காகோ வந்துதான் தொழிலாளர் தலைவரானார். அந்தத் தியாகிகள் நினைவில்தான் 1923 மே முதல் தேதி சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார்.

மனை கிடைத்தது எப்படி?

"எல்லாம் தோல்விதானா?" என்று ஒரு தோழர் கேட்கிறார். இல்லை.

1891-ல் திரெமென்ஹீர் எழுதினாரே, குடியிருக்கும் மனை சொந்தமாக வேண்டும் என்று. தமிழ்நாட்டில் குடியிருப்பு மனையை அதில் வாழும் விவசாயத் தொழிலாளிக்கே சொந்தமாக்கும் சட்டம் 1971-ல் வந்தது. எண்பது வருஷம்! வெள்ளைக்காரக் கலெக்டர் எழுதியும் வராதது, தஞ்சையிலும் மற்ற ஜில்லாக்களிலும் செங்கொடியின்கீழ் கூலிக்காரர்கள் சங்கம் கட்டி, அடி வாங்கி, சிறை சென்று, உயிர் கொடுத்த பிறகு வந்தது. நில உச்சவரம்பு 1961-ல் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றிருந்தது, 1970-ல் 15 ஆகக் குறைந்ததும் அப்படித்தான்.

பஞ்சமி நிலத்துக்கும் ரத்தம் சிந்தியிருக்கிறது. நம் ஜில்லாவின் தெற்கே காரணை கிராமத்தில் பஞ்சமி நிலத்தை மீட்க மக்கள் எழுந்தார்கள். 1994 அக்டோபர் 10-ல் செங்கற்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் மாண்டார்கள். அதற்கப்புறம்தான் நகரத்துப் பத்திரிகைகள் பஞ்சமி நிலம் என்றால் என்ன என்று கேட்க ஆரம்பித்தன. 1892 உத்தரவின் நிபந்தனைகள் செத்துப்போகவில்லை.

அமெரிக்காவிலிருந்து கடைசியாக ஒரு செய்தி. லக்கோட்டா மக்களுக்குக் கறுப்பு மலைப் பிரதேசம் சொந்தம் என்று 1868-ல் சர்க்கார் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தது. அங்கே தங்கம் கிடைத்ததும், 1877-ல் பிடுங்கிக்கொண்டது. விடாமல் வழக்காடினார்கள். 1980-ல் உச்ச நீதிமன்றம், பிடுங்கியது தவறு, பத்துக் கோடி டாலருக்கு மேல் நஷ்டஈடு கொடு என்றது. அந்த ஏழை மக்கள் என்ன செய்தார்கள்? பணத்தைத் தொடவில்லை. எங்கள் மலை விற்பனைக்கு அல்ல, நிலத்தைக் கொடு என்றார்கள். அந்தப் பணம் வட்டியோடு வட்டியாகச் சர்க்கார் கணக்கில் பெருகிக் கிடக்கிறது. நூறு வருஷம் கழித்தும் நிலத்தை மறக்காத ஜனங்கள்!

பாட்டியம்மாளும் மறக்கவில்லை.

என்ன செய்வது?

கூட்டம் முடிந்து கலையும்போது வெறும் கையோடு போகக் கூடாது. ஆகவே வேலையைச் சொல்கிறோம்.

ஒவ்வொரு கிராமத்திலும் பெரியவர்களைக் கேட்டு, எந்த ஏரிக்கு எந்தத் திசையில், யார் யாருக்கு நிலம் ஒதுக்கினார்கள் என்று எழுதுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே எழுதுங்கள். பழைய பட்டா, கிஸ்தி ரசீது டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்தால் தூக்கி எறியாதீர்கள். அந்தப் புல எண்ணை வைத்துக்கொண்டு கிராமக் கணக்கில் அ-பதிவேட்டைப் பாருங்கள். நிபந்தனை நிலமா என்று அதில் தெரியும். வில்லங்கச் சான்று எடுத்தால் எந்த வருஷம் யாரிடம் மாறியது என்பது தெரியும். காட்ட மறுத்தால், 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுதிக் கேளுங்கள். ஜமாபந்தியில் தனி ஆளாக மனுக் கொடுக்காதீர்கள், ஊராகச் சேர்ந்து கொடுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த ஆலைத் தோழர் ஒவ்வொருவரும் ஒரு கிராமத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுங்கள். எந்தச் சாதியில் பிறந்தவரானாலும் சரி, போய் அந்தத் திண்ணையில் உட்கார்ந்து, அவர்கள் கொடுக்கும் தண்ணீரைக் குடித்துவிட்டு மனுவை எழுதுங்கள்.

இத்தனையும் செய்தால் நிலம் உடனே வந்துவிடுமா? அப்படிப் பொய் சொல்ல மாட்டோம். வரும் நிலத்தில் இன்றைக்கு வீடு கட்டிக் குடியிருக்கும் ஏழைகளும் இருப்பார்கள். விவரம் தெரியாமல், சேமிப்பையெல்லாம் கொடுத்து மனை வாங்கி ஏமாந்த தொழிலாளியும் இருப்பார். அவரும் நம்மவர்தான். ஏழையை ஏழைமேல் ஏவிவிட ஆட்கள் காத்திருக்கிறார்கள். ராக் ஸ்பிரிங்ஸை மறக்காதீர்கள், புளியந்தோப்பை மறக்காதீர்கள். விற்றவன் யார், வளைத்தவன் யார், கணக்கை மாற்றி எழுதியவன் யார் என்பதை நோக்கியே விரல் நீள வேண்டும்.

பாட்டியம்மாள், உங்கள் மாமனாரின் நிலம் எங்கே போயிற்று என்று கேட்டீர்கள். எந்த வழியாகப் போயிற்று என்பதைச் சொல்லிவிட்டோம். இப்போது யார் பெயரில் இருக்கிறது என்பதைத் தாலுக்கா கச்சேரியில்தான் பார்க்க வேண்டும். உங்களிடம் ஏதாவது பழைய காகிதம் உண்டா என்று வகுப்பு ஆரம்பிக்கும் முன்பே கேட்டோம். "ஒரு ரசீது இருக்குது, எலி கடிச்சது போக பாதி" என்றார்கள்.

பாதி போதும். நம்பர் இருந்தால் போதும். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பூந்தமல்லி தாலுக்கா ஆபீஸ் வாசலுக்கு வாருங்கள். நாங்கள் இருப்போம். இந்தக் கூட்டத்தில் இருப்பவர்களும் வருவார்கள் என்று நம்புகிறோம்.